பதநீருக்குப் போன சைக்கிள்

சாத்தான்குளம் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், இறுக்கமான கால்சட்டை, விரல் பருமனில் டயர் போட்ட சைக்கிள். கைபேசியில் வரைபடம் இருந்தும் அதை அணைத்துவிட்டு மனிதர்களிடம் வழி கேட்பது அவர் பழக்கமாம்.

“ஐயா, உடன்குடியில பதநீர் தீர்றதுக்குள்ள போகணும். குறுக்கு வழி இருக்கா?”

நான் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“தேரி வழியாப் போங்க. நல்ல தார் ரோடு,” என்றேன்.

அந்தப் பக்கம் நான் போய் முப்பது வருடமாகிறது. அப்போது அந்தத் தேரியில் செம்மணல் மேடுகளைத் தவிர ஒன்றுமில்லை. இதற்குள் ரோடு போட்டிருப்பார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மனம் உறுத்தியது. பஸ் ஏறி உடன்குடி போய்க் காத்திருந்தேன். உச்சி வெயிலில் வந்தார், முழங்கால்வரை சிவந்து, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு. பதநீர்ப் பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

“சைக்கிளுக்குக் களைப்பே இல்லைங்கய்யா,” என்றார். பிறகு அதே மரியாதையோடு என்னிடமே கேட்டார்: “இங்கிருந்து கடலுக்கு எப்படிப் போகணும்?”

“தெரியாது,” என்றேன்.

சுற்றி நின்றவர்களோடு பதநீர்க்காரரும் சிரித்துவிட்டார். “என்ன சார், கிழக்க பாத்துப் போனா கடலுதான!”

அத்தனை பேர் நிற்க, மறுபடியும் என்னை ஏன் கேட்டார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.