மடுவில் எத்தனை சேல்?

ஒழுங்காக வந்து நிற்கும் எண்களை நேசையா நம்புவதில்லை. பாளையங்கோட்டை மிஷன் பள்ளிகளில் இருபத்திரண்டு வருஷம் வருகைப் பதிவேடுகளைச் சரிபார்த்தவர் அவர். நாற்பது பிள்ளைகளும் மாதம் முழுக்க வந்ததாக எழுதியிருந்தால், வாத்தியார் பொய் எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்வார்.

கணக்கில் கறாரானவர் என்று, 1912-ல் சர்க்காரில் அவரை மீன் எண்ண அனுப்பினார்கள். முக்கூடலுக்குக் கிழக்கே, அணைக்கட்டின் கீழுள்ள மடுவில் சேல்கெண்டை அருகிவிட்டதாக யாரோ மனுப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் வலை வீசி, அகப்படும் சேலை எண்ணி, உயிரோடு திரும்ப விட வேண்டும் என்பது உத்தரவு. மே முடிவுக்குள் நூறு தேறினால் மீன்பிடி தொடரும். தேறாவிட்டால் இரண்டு வருஷம் மடுவில் வலை இறங்கக் கூடாது. குத்தகைக்காரரான அசன் மைதீன்தான் வலையும் வீசினார். அவர் வீட்டு அடுப்பு அந்த மடுவை நம்பித்தான் எரிந்தது.

மார்ச் 2 முதல் மே 4 வரை பத்துச் சனிக்கிழமைகள். எட்டு, ஒன்பது, எட்டு, எட்டு என்று வந்து, மொத்தம் 84. ஆற்று மீன் இப்படி அச்சுப் பிசகாமல் வருமா? விடுவதுபோல் கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீன்களைக் கூடையில் அடைத்து வைத்து, அவற்றையே அடுத்த வாரமும் காட்டுகிறாரோ இந்த மனிதர்? நேசையா பாறை இடுக்குகளையெல்லாம் கோலால் துழாவினார். கூடை எதுவும் தட்டுப்படவில்லை. அதனால் சந்தேகம் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

மே 11 அன்று ஒன்பது மீன். அசன் மைதீன் வலையை அலசப் போன சமயம் பார்த்து, ஒவ்வொரு மீனின் வால் நுனியிலும் கத்தரிக்கோலால் நகமளவு வெட்டிவிட்டார்.

மே 18 அன்று எட்டு மீன். அவற்றில் ஆறுக்கு வாலில் வெட்டு இருந்தது.

"வே சாயபு, இங்கன வாரும். இந்த வாலப் பாரும்."

"நண்டு கடிச்சிருக்கும், ஐயா."

"ஆறு மீனையும் ஒரே அளவாக் கடிக்க நண்டு கத்திரியா வச்சிருக்கு? நான் வெட்டுனது வே. காட்டுன மீனையே திரும்பக் காட்டுதீரு."

அசன் மைதீனின் முகம் கறுத்தது. "எனக்குத் தெரியாம வெட்டிருக்கீரு. அப்ப யாரு வே கள்ளன்? வலைய நீரே கொண்டுபோயி உம்ம தலமாட்டுல வச்சுக்கிடும். மீனையும் நீரே விடும்!"

நேசையா அப்படியே செய்தார். குறியில்லாத இரண்டுக்கும் குறி வெட்டினார். எட்டையும் பானையில் எடுத்துப்போய், எதிர்க்கரையிலிருந்து தம் கையாலேயே விட்டார். வலையைத் தம் அறையில் வைத்துப் பூட்டினார். வாரம் முழுக்க அறையில் கவிச்சி நாறியது.

மே 25 அன்று காலை வலையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். எட்டு அகப்பட்டன. ஏழின் வாலில் வெட்டு.

"இப்ப என்ன சொல்லுதீரு?" என்று அசன் மைதீன் சிரித்தார். "நூறு எப்பவோ தாண்டிட்டுல்லா? எழுதிப் போட்டுட்டு ஊருக்குப் போவும்."

நேசையா பாறைமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். குறியிட்டவை பதினொன்று. வந்த எட்டில் ஏழு குறியுள்ளவை. அப்படியானால் மடுவில் இருப்பதே பன்னிரண்டோ பதிமூன்றோதான். அவற்றையே திரும்பத் திரும்ப எண்ணித் தாமேதான் 109 என்று எழுதியிருக்கிறார். அத்தனையும் முழங்கை நீளக் கிழட்டு மீன்கள். சிறு கண் வலைதான். ஆனாலும் மூன்று மாதத்தில் ஓர் இளமீன்கூட அதில் அகப்படவில்லை.

"நீர் ஏமாத்தல வே," என்றார் மெதுவாக. "ஆனா நூறு இல்ல. பதிமூணுதான்."

அசன் மைதீனின் சிரிப்பு நின்றது. "என்ன எழுதப் போறீரு?"

"உள்ளதத்தான். உம்ம மேல குத்தமில்லன்னும் எழுதுதேன்."

"அத வச்சுக் கஞ்சி காய்ச்ச முடியுமா?"

நேசையா எழுதி முடித்து, உரக்க வாசித்தும் காட்டினார். அசன் மைதீன் தலையை ஆட்டினார். "எழுதுனதத்தான் வாசிச்சீரான்னு எனக்கு எப்படித் தெரியும்? கொண்டாரும்." தாளை வாங்கிக்கொண்டு, படிக்கத் தெரிந்த மச்சான் ஹாஜாவிடம் போனார்.

வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார். தாளைக் கொடுத்துவிட்டு, தடை உத்தரவு வருவதற்குக் காத்திராமல், வலையைத் தண்ணீரில் அமிழ்த்தும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.