சாமரம் வீசியவளும் எங்கள் கடை மாஸ்டரும்

மலேசியாவில், ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், உலு திராமில் நானும் என் வீட்டுக்காரரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியக் கூட்டம் ஓய்ந்ததும் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அதுதான் எங்கள் வாசகர் வட்டம். மொத்தம் ஏழு பேர். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் தலைவர். வடை தீரும்வரை இலக்கியம் பேசுவோம், தீர்ந்த பிறகு ஊர்க்கதை.

போன வருஷம் சார் ஒரு வேலை கொடுத்தார். எல்லாரும் படித்த ஒரு பழைய நாவலை எடுத்து, அதில் வாயே திறக்காத யாராவது சொல்வதுபோல் திருப்பி எழுத வேண்டுமாம். குதிரைக்காரன், ஒற்றன், யானைப்பாகன் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அடிமைப் பெண்ணை எடுத்தேன்.

அந்த நாவல் இரண்டு பாகம், தலைக்கு வைத்துப் படுக்கலாம். கடல் கடந்து போய் ஜெயித்து வரும் ராஜா, அவர் மகள், அவள் காதல், சதி எல்லாம் உண்டு. இளவரசிக்குப் பின்னால் ஒருத்தி சாமரம் வீசிக்கொண்டு நிற்பாள். நாங்கள் இருக்கும் இந்தப் பக்கத்துக் கரையிலிருந்து கப்பலில் பிடித்துக்கொண்டு போனவள். நாலே நாலு இடத்தில் வருவாள், பெயர்கூடக் கிடையாது. கடைசியில் இளவரசி மனமிரங்கி அவளுக்கு விடுதலை கொடுப்பாள். இவளோ காலில் விழுந்து, போகமாட்டேன், இங்கேயே கிடக்கிறேன் என்று அழுவாள். பதினாறு வயதில் அந்த இடத்தில் நானும் மூக்கைச் சிந்தி அழுதிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் திருப்பிப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. அடியேய், போயேண்டி! கதவைத் திறந்துவிட்ட பிறகும் எவளாவது உள்ளேயே நிற்பாளா?

எழுதுவதெல்லாம் கல்லாவில்தான், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். ஒரு நாள் அவளுடைய புலம்பல் ஒரு வாடிக்கையாளரின் பில்லோடு போய்விட்டது. அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ரசத்தோட இதுவும் ஃப்ரீயா?" என்றார்.

என் முதல் வாசகர் எங்கள் சமையல் மாஸ்டர். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், எங்களிடம் வந்து மூன்று வருஷம். அந்த நாவலை ஊர் நூலகத்தில் இரண்டு தடவை படித்தவர். கைக்குழந்தையாக விட்டுவந்த மகளோடு தினமும் சாயங்காலம் போனில் பேசுவார். அப்பா எப்ப வருவே என்று அது கேட்கும். "அக்கா விடட்டும், வரேன்" என்பார். தீபாவளி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று நானும் சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டு வந்தேன்.

அவர் வெங்காயம் நறுக்க, நான் வாசித்துக் காட்டுவேன். முதல் நாளே என் மானத்தை வாங்கிவிட்டார்.

"அக்கா, நாலு பக்கமா அழுவுறா. தோள் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"அவ சோகத்துல இருக்கா, மாஸ்டர்."

"சோகம் இருக்கட்டும். நாள் பூரா சாமரம் வீசுறவளுக்கு மொதல்ல தோள்தான்க்கா வலிக்கும். அப்புறம் சிரிப்பு வரும். இளவரசி காதல் ஓலை படிக்கிறப்ப பின்னாடி நிக்கிறவ எட்டிப் பாக்காமயா இருப்பா?"

அன்றைக்குத்தான் என் கதைக்கு உயிர் வந்தது. என் அடிமைப் பெண் கை மாற்றி மாற்றி வீசினாள். இளவரசி பொய் சொல்லும்போதெல்லாம் வேண்டுமென்றே வேகமாக வீசி அவள் கூந்தலைக் கலைத்தாள். மாஸ்டர் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். "இப்பதான் ஆளு மாதிரி இருக்கா" என்றார்.

முடிவை நான் மாற்றினேன். அவள் யார் காலிலும் விழவில்லை. விடியற்காலையில் அரண்மனை வாசலைத் தாண்டி, கப்பல் ஏறத் துறைமுகத்தை நோக்கி நடந்தாள். ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்துவிட்டு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன்.

"துறைமுகத்துல காவக்காரன் நிறுத்துவானேக்கா" என்றார். "நீ யாரு, விடுதலை ஓலை எங்கன்னு கேப்பான். அது இளவரசி பெட்டிக்குள்ளதானே இருக்கும்?"

சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தில் குனிந்துகொண்டார். கல்லாவுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில், என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் கடை ஆட்கள் மூன்று பேருடைய பாஸ்போர்ட். அதில் ஒன்று மாஸ்டருடையது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேரே அடுப்படிக்குப் போனேன்.

"என்ன மாஸ்டர், குத்திக் காட்டுறீங்களா? உங்கள அடிச்சமா, சோறு போடலியா?"

"நான் கதையத்தானேக்கா சொன்னேன்."

"அலமாக், கதையாம்லா கதை!"

இரண்டு நாள் அவரோடு ஆர்டர் சீட்டில்தான் பேச்சு. வீட்டுக்காரரிடம் சொல்லிப் பொருமினேன். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் வச்சிருக்காங்க" என்றார் அவர். "தொலைச்சுட்டு வந்து நின்னா யாரு அலையிறது? அவங்க நல்லதுக்குத்தான்."

அவங்க நல்லதுக்குத்தான்! அந்த வசனத்தை நான் முன்பே எழுதியிருந்தேன், இளவரசியின் வாயில். எழுதியபோது அவளுடைய கள்ளத்தனம் எவ்வளவு அழகாக வந்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி பெண்ணே.

காரணம் பயம்தான், வேறென்ன. நாலு வருஷத்துக்கு முன்பு தோசை போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு காலையில் சொல்லாமல் வேறு கடைக்குப் போய்விட்டார். நாங்கள் பட்ட பாடு நாய் படாது. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த டின். அது சட்டப்படி தப்பு என்றும் எங்களுக்குத் தெரியும். இப்போது தீபாவளிக்கு நாலு வீட்டு விருந்துக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். மாஸ்டர் போனால் கடை படுத்துவிடும். அவர் ஒன்றும் அடிமை இல்லையே, சம்பளம் வாங்குகிறார், செவ்வாய்க்கிழமை லீவு என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். அந்த லீவில் எங்கே போகிறார் என்று யோசித்தேன். கடைக்கு மேலே இருக்கும் அறையில் தூங்குவார், எதிர்க் கடையில் முடி வெட்டிக்கொள்வார். அதற்கு அப்பால் அவர் போய் நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டின்னைக் கடைக்கே கொண்டுபோய் மூன்று பேரிடமும் கொடுத்துவிட்டேன். மற்ற இரண்டு பேரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பிறகு வாங்கித் திறந்து தன் படத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ முடி இருந்துருக்கு, பாருங்கக்கா!"

எல்லாரும் சிரித்தோம், என் வீட்டுக்காரரைத் தவிர.

மதியம் மூன்று மணிக்கு மாஸ்டர் இடைவேளைக்குப் போனார். ஐந்துக்கு வரவேண்டியவர், ஆறாகியும் வரவில்லை. போன் அடித்தால் அணைத்து வைத்திருந்தார். மேல் அறை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பாமல் கல்லாவில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தோசைக்கல்லில் நானே நின்றேன். முதல் தோசை பிய்ந்தது, இரண்டாவது கல்லைவிட்டு வரமாட்டேன் என்றது. "அக்கா, இது தோசையா உப்புமாவா?" என்று ஒருவர் கேட்டார். "சாப்புட்டுப் பாத்துச் சொல்லுங்கலா!" என்று எரிந்து விழுந்தேன். கண்ணில் நீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொண்டேன். எழவெடுத்த கதை, யார் என்னை எழுதச் சொன்னது?

ஏழரைக்கு மாஸ்டர் வந்து நின்றார். புதுச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"ஜேபிக்குப் போயிருந்தேன்க்கா. கடலப் பாத்தேன். எதிர்லயே சிங்கப்பூர் தெரியுது! பஸ் ஸ்டாண்டுல போலீஸ் நிறுத்துனாரு. எடுத்துக் காட்டுனேன். பாத்துட்டு, ஓகே, போன்னுட்டாரு. மூணு வருஷமா போலீசப் பாத்தாலே எதிர்ப்பக்கம் போயிருவேன். இன்னைக்கு நின்னு சலாம் வச்சேன்!"

"எல்லாம் சரி. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

கொஞ்சம் யோசித்தார். "சொல்லணும்னே தோணலக்கா. அவ்ளோ நல்லா இருந்துச்சு."

என்னை நகரச் சொல்லிவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

நாலு வீட்டு விருந்தையும் குறையில்லாமல் முடித்துக் கொடுத்தார். அதற்கு மறுவாரம் ஊருக்குக் கிளம்பினார், இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டு. "திரும்பி வருவீங்கல்ல?" என்று கேட்டேன். "தெரியலக்கா" என்றார். விமான நிலையத்துக்கு என் வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுபோய் விட்டார், வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. எனக்கு அழுகையாக வந்தது. நல்ல மனுஷர், நல்ல சாம்பார், நல்ல வாசகர், மூன்றையும் ஒரே நாளில் தொலைத்தால் யாருக்குத்தான் வராது?

அடுத்த முதல் ஞாயிறு வட்டம் கூடியது. அன்று காலைதான் வீட்டுக்காரரின் போனுக்கு மாஸ்டர் ஒரு படம் அனுப்பியிருந்தார். பள்ளிச் சீருடையில் மகள் அவர் தோளில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் கதையை வாசித்தேன். துறைமுகத்தில் காவல்காரன் நிறுத்துகிறான், அவள் இடுப்பிலிருந்து ஓலையை எடுத்துக் காட்டுகிறாள், திரும்பிப் பார்க்காமல் கப்பல் ஏறுகிறாள். எல்லாரும் கைதட்டினார்கள். சார் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா கொஞ்சம் நன்றி கெட்டவளா இருக்காளே? இத்தன வருஷம் சோறு போட்ட வீடு. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலியே."

நான் வாயைத் திறப்பதற்குள் கல்லாப் பக்கமிருந்து குரல் வந்தது. வாழ்க்கையில் ஒரு நாவலும் படித்திராத என் வீட்டுக்காரர்.

"அவளுக்கும் ஒரு வீடு இருக்குல்ல, சார்."