காப்பு கட்டுவதற்குள் கிளம்பிக் கண்டி ரயிலைப் பிடித்த கதை

இலங்கையில் கண்டியிலிருந்து பதுளை வரை ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் மலைமேலேயே ஓடுகிற ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து போகவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. போன பங்குனியில்தான் அது கைகூடியது. பூண்டு எடுத்து முடித்து, அடுத்த நடவுக்கு முன்னால் கிடைக்கிற இரண்டு வாரம்தான் எங்களைப் போன்ற தோட்டக்காரர்களுக்கு லீவு. நீங்களும் அப்படி ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர் என்றால், நான் பட்ட பாட்டைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் ஊர் போளூர். கொடைக்கானலிலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் உள்ளே. "பனியையும் மலையையும் பாக்கக் காசு குடுத்து வெளிநாடு போறீகளாக்கும்? இங்க கெடக்கதெல்லாம் என்ன, பாலைவனமா?" என்று ஊரே கேலி பேசியது. மலை கிடக்கிறது, யார் இல்லை என்றது? ரயில் எங்கே கிடக்கிறது? கொடைரோடு ஸ்டேஷன் என்று பேர்தான், அது கீழே சமவெளியில் இருக்கிறது. ஊட்டி ரயில் இல்லையா என்று கேட்காதீர்கள். இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் டிக்கெட் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவள் நான்.

இலங்கை ரயிலுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள். திறந்த கொஞ்ச நேரத்தில் எல்லா சீட்டும் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டில் டவர் எடுக்காது என்பதால் முதல் பஸ் பிடித்துக் கொடைக்கானல் போய் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்தேன். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அடித்துப் பணம் கட்டும் இடத்துக்கு வந்தாயிற்று. "மேடம், ஓடிபி வந்துச்சா? டைம் போய்க்கிட்டே இருக்கு" என்றார் சென்டர்காரம்மா. எங்கே வரும்? பேங்கில் கொடுத்திருப்பது என் வீட்டுக்காரர் நம்பர். அந்த போன் போளூரில், அவர் சட்டைப்பைக்குள், டவர் இல்லாமல் தூங்குகிறது. தலையில் அடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாள் மனிதரையும் போனையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போய், ஒருவழியாக அடுத்த நாள் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு பிடித்தேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம், கண்டியில் ரூம், ஆன்லைனில் விசா அனுமதி என்று எல்லாம் முடிந்தது. அப்பாடா என்று இருந்தேன்.

அந்த நிம்மதி ஊர்க்கூட்டம் வரைக்கும்தான். எங்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா சித்திரையில்தான் வரும். ஆனால் தேதியைக் கூட்டம் கூடித்தான் முடிவு செய்வார்கள். காப்பு கட்டிவிட்டால் விழா முடிகிறவரை யாரும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதற்கு முன்னால் வெளியே போனவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூட்டத்துக்குப் போன வீட்டுக்காரர் வந்து, காபியைக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"இந்த வருசம் பங்குனியிலயே சாட்டியாச்சு. நாம கெளம்புற அன்னைக்குச் சாயங்காலம் காப்பு."

"காலையிலயே எல்லையத் தாண்டிருவோம்ல, பெறகென்ன?"

"இல்ல... காப்பு என் கையிலதான் கட்டுறாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டிக்கெட் போட்டது நெனப்பில்லையா உங்களுக்கு?"

"கூட்டம் இழுத்துக்கிட்டே போச்சு. யாரு கட்டுறதுன்னு கேட்டு எல்லாரும் என் மூஞ்சியவே பாத்தாக. வெரசா முடிச்சுட்டு வந்தாப் போதும்னு தலைய ஆட்டிட்டேன். பெறகுதான் நெனப்பு வந்துச்சு. திருநீறு பூசி விட்டாக, இனிமே மாத்த முடியாது."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். டிக்கெட்டில் ஆள் மாற்ற முடியாது. காப்பு கட்டியவர் வீட்டில் பெண்சாதி இருந்து விரதச் சோறு ஆக்கவேண்டும் என்பது வழக்கம். அப்படியென்றால் என் ரயிலும் போச்சு. மூன்றாம் நாள் பெட்டியை எடுத்து, என் துணிகளை மட்டும் அடுக்கினேன். "சோறு ஆக்க உங்க தங்கச்சி இருக்கா. நான் போயிட்டு வாரேன்" என்றேன்.

கிளம்புகிற அன்று வெள்ளனே முதல் பஸ். டிரைவர் எங்கள் ஊர்க்காரர். "என்னக்கா, காப்பு அன்னைக்குப் பெட்டியோட கெளம்பிட்டீங்க? அண்ணன் வரலையா?" என்றார். "மொதல்ல வண்டிய எடுங்க, எல்லை தாண்டினதும் சொல்றேன்" என்றேன். கொடைக்கானலுக்கு இரண்டு மணி நேரம், மதுரைக்கு இன்னும் நான்கு மணி நேரம். விமானம் ஏறி ஒரு மணி நேரத்தில் கொழும்பு. வெளிநாட்டுக்குப் போகிற நேரத்தைவிட எங்கள் மலையை விட்டு இறங்குகிற நேரம்தான் அதிகம். அங்கிருந்து கண்டிக்கு பஸ்.

மறுநாள் காலை ரயிலில் ஏறி டிக்கெட்டைப் பார்த்தால் எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சன்னலோர சீட்டு அவர் பெயரில் விழுந்திருக்கிறது! பஸ்ஸிலும் அப்படித்தான், சன்னலோரம் எப்போதும் அவருக்கு. அவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் சீட்டில் பெட்டியை வைத்தேன். வழியில் ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வந்தேன். அங்கே ஏறிய ஓர் அம்மா, "அக்கா, இதுல ஆள் வருவாங்களா?" என்றார்.

"வரமாட்டாரு. உக்காருங்க" என்று பெட்டியை எடுத்தேன். அதற்கப்புறம் நான் யாரையும் திட்டவில்லை. தேயிலைச் சரிவும் அருவியும் சுரங்கமும் மாறிமாறி வந்தன. வளைவில் எங்கள் எஞ்சினே எனக்குத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: கண்டியிலிருந்து போகும்போது வலது பக்கம் கேளுங்கள் என்பார்கள், எந்தப் பக்கமும் மோசமில்லை. ஓடிபி வருகிற போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஸ்வெட்டர் வேண்டும். திருவிழாத் தேதி முடிவாகாத ஊர்க்காரர்கள், கூட்டத்துக்குப் போகிறவரிடம் டிக்கெட்டைக் கொடுத்தே அனுப்புங்கள்.

திரும்பி வந்ததும் போட்டோவெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நானும் வந்திருக்கலாம்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வந்திருந்தால், ஏழு மணி நேரமும் அவர் தோளுக்கு மேல் எட்டித்தான் நான் மலையைப் பார்த்திருப்பேன்.