சக்கரவர்த்தியின் கன்னத்தில் மூன்று புள்ளி

சண்டிலிப்பாயில் எனக்குச் சீதனமாக வந்த தோட்டக் காணியில் புகையிலைக்குக் கொத்தியபோது ஒரு ரோமச் சக்கரவர்த்தி வெளியே வந்தார். கொத்தியது நானில்லை. மேற்பார்வை பார்த்த என் செருப்பில் அவர் தலை பொறித்த செப்புக்காசு ஒட்டிக்கொண்டது. கண்டெடுத்தவன் நானே என்று சொல்லி வருகிறேன்; செருப்புக்கு வாயில்லை.

பழைய ரோமக் காசுகள் எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஆனால் இவருடைய கன்னத்தில் ஒரு பிறையும் அதன் கீழ் மூன்று புள்ளியும் பதிந்திருந்தன. காசு அடித்த பிறகு வேறொருவர் அதன்மேல் தன் குறியைக் குத்தினால் அது மேல்முத்திரை. யாரோ நம்மூர் அரசன் ரோமனின் கன்னத்தில் அறைந்திருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். காசு சேர்ப்பவர்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதென்ன, கேட்டே வாங்கினேன்.

மனைவியிடம் மட்டும் காசைக் காட்டவில்லை. செம்பு என்று கண்டால் புளி போட்டு மினுக்கிவிடுவாள்.

பேசுவதற்கு முன் மானிப்பாயில் இருக்கும் ஓய்வுபெற்ற பல் டொக்டர் அம்மாவிடம் போனேன். காசுகளை அவரைப் போல வாசிக்க இங்கே ஆளில்லை.

"மாஸ்டர், வாயை மூடுங்கோ, காசை மட்டும் தாங்கோ" என்றபடி பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார்.

முதலில் காசின் மறுபக்கத்தைத்தான் பார்த்தார். எனக்குத் தோன்றாத வழி அது.

"குறிக்கு நேர் பின்னாலை தட்டையாய்ப் போயிருக்கு. அப்ப இது சொத்தையில்லை. ஆரோ வைச்சு அடிச்சதுதான்."

"நான் சொன்னனல்லோ!"

"பொறுங்கோ. செம்பிலை பிடிச்ச பச்சைக் களிம்பு, குறியின்ரை விளிம்பிலை வெடிச்சுக் கிடக்கு. காசு மண்ணுக்கை கிடந்து பச்சை பிடிச்சாப் பிறகு அடிச்சிருக்கினம். உந்தக் குறிக்கு என்ரை வயசு வந்தாலே பெரிய காரியம்."

என் அரசன் அந்த இடத்திலேயே செத்தான். ஆனாலும் அந்த அம்மாவின் கண்ணை வியக்காமல் இருக்க முடியவில்லை. என் அரசனை வலியே தெரியாமல் பிடுங்கிவிட்டார்.

"அப்ப ஆர் அடிச்சது?"

"அதே உளியாலை அடிச்ச இன்னொண்டு கிடைச்சால்தான் சொல்லலாம்."

வீட்டுக்கு வந்து, கவலையில் காசை மேசைமேல் போட்டுவிட்டேன். மனைவி எடுத்துப் பார்த்தாள். புளியைத் தேடவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இது எங்கடை வீட்டுக் குறியெல்லோ."

ஊரில் ஒரு கலியாணம் என்றால் நாலு வீட்டுக் குடமும் கிடாரமும் ஒன்றாகக் கலக்கும். திருப்பி எடுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. மாமனார் தானே உளி செய்து, முதலில் கையில் அகப்பட்ட செப்புத் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தில் அடிப்பாராம். அன்று அகப்பட்ட துண்டு ரோமாபுரி; அடித்துப் பார்த்த பிறகு தோட்டத்திலேயே எறிந்திருக்கிறார்.

சண்டைக்காலத்தில் அவர்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கும் ஒரு மூக்குப்பேணிகூட மிஞ்சியிருக்கவில்லை. நான் கலியாணம் முடித்தது அதற்குப் பிறகு.

"அப்பான்ரை கையாலை மிஞ்சினது இதுதான். கூட்டத்திலை ஆருக்கும் குடுத்துப்போடுவியளோ?"

"மாட்டன்."

"உங்களை நம்பேலாது. நானும் வாறன்."

வந்தாள். மேடையில் நான் வெறுங்கையோடு நின்று மாமனாரின் ஒத்திகையைச் சொன்னேன். காசு முன்வரிசையில் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. கூட்டம் முடிந்ததும் டொக்டர் அம்மா நேரே அவளிடம் போனார்.

"பிள்ளை, முத்திரையை அடையாளம் கண்டது நீர்தான். மாஸ்டர் சும்மா செருப்போடை நிண்டவர்."

செருப்புச் சங்கதி அவருக்கு எப்படித் தெரியும் என்று மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் பாத்திரக்கடையில் ஒரு செப்புக்குடம் வாங்கினாள். பெயர் வெட்டுகிற தம்பியின் முன்னால் காசை வைத்தாள்.

"இதிலை இருக்கிற மாதிரியே அடியும்."

"முகத்தையுமோ அக்கா?"

"முகம் வேண்டாம். குறி மட்டும்."