வரதன் இறக்கிய இன்ஜின்

என் மச்சான் வரதன் கோட்டைக்குப்பத்தில் படகு இன்ஜின் பார்ப்பவன். கார் இன்ஜினைத் தொட்டதில்லை. அதற்காகப் பின்வாங்குகிற ஆளும் இல்லை.

அவன் தங்கை தேவகி என் மனைவி. சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் சென்னைக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். ஒருமுறை திரும்பும்போது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தாள். மறுவாரமே வரதன் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கிவந்தான்.

ஒரு புதன்கிழமை காலை அது பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு எதிரே நின்றுவிட்டது. இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகரவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே தூக்க வேண்டுமாம். பொன்னேரி மெக்கானிக் பத்து நாள் கேட்டான்.

"பத்து நாளா? இன்னா, கல்யாணத்துக்கு ஜோடிக்கிறானா? நம்ம வூட்டு வாசல்லயே தூக்கலாம் மச்சான்," என்றான் வரதன்.

தள்ளிக்கொண்டு வந்தோம். மூன்று சவுக்குக் கட்டைகளைக் கூம்பாகக் கட்டிக் கப்பி மாட்டினான். போல்ட்டெல்லாம் கழற்றி, வலைக் கயிற்றை இன்ஜினில் பிணைத்தான். இழுக்க என்னோடு சேர்த்து நாலு பேர்.

"மெதுவா, விரக்கடை விரக்கடையா," என்றான்.

கெடுத்தவன் நான்தான். கயிறு கையில் பட்டதும் பழக்கதோஷம், "ஏலேலோ" என்று குரல் கொடுத்துத் தொலைத்தேன். மற்ற மூன்று பேரும் கரைவலை இழுக்கிறவர்கள். "ஐலசா" என்று ஒரே மூச்சில் இழுத்தார்கள். இன்ஜின் துள்ளி எழும்பி, ஆடி, முன்கண்ணாடியைச் சுக்குநூறாக்கியது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வெளிய வந்துச்சில்ல? உடு," என்றான் வரதன்.

வியாழன் மதியம் புதுப் பிளேட் வந்தது. அதை மாட்டியாயிற்று, இனி இன்ஜினை உள்ளே இறக்க வேண்டும்.

"ஏரியில வலை உடற மாதிரி உடுங்க. எவனாவது வாயத் தொறந்தான், கிரீஸ அடைச்சிருவேன்!"

வலை விடும்போது எங்கள் ஆட்கள் பேசமாட்டார்கள், மீன் கலைந்துவிடும். அதே மாதிரி மூச்சுக் காட்டாமல் கயிற்றை விட்டோம். இன்ஜின் அதன் இடத்தில் உட்கார்ந்தது. பொழுது சாய்வதற்குள் வண்டி ஓடியது.

வெள்ளிக்கிழமை வரதன் ஓட்ட, கண்ணாடி இல்லாத வண்டியில் கிளம்பினோம். முன்சீட்டில் தேவகி முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். பழவேற்காடு தாண்டியதும் மெல்லச் சொன்னாள்.

"ண்ணா, வண்டி ஓடலைன்னா இனிமே போவவே கூடாதுனு முடிவு பண்ணியிருந்தேன். எல்லாருக்கும் தொல்லை."

இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

வரதன் சாலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"தெரியும். அதான் கண்ணாடி போட நிக்கல."