பிடுங்குவதா, விடுவதா

என் அக்கா ஆஸ்பத்திரித் தோட்டக்காரி. அதே ஆஸ்பத்திரியில் நான் எலக்ட்ரீஷியன். மின்விசிறியைப் பார்க்க ஏணியில் ஏறினால் ஜன்னல் வழியே அவளுடைய குனிந்த முதுகுதான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த முதுகு குனிந்தது பாதி நேரம் ஒரே எதிரிக்காக: தரைப்பசலை. சிவப்புத் தண்டும் குட்டிக் கொழுத்த இலையுமாகத் தரையோடு படரும் அந்தக் களையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சாப்பிடும்போது கண்ணில் பட்டால்கூட எழுந்துபோய்ப் பிடுங்கிவிட்டுத்தான் வருவாள்.

இந்தக் கோடையில் புது மேலதிகாரி வந்தார். வாசல் ரோஜாப் பாத்தி இரண்டு மாதத்தில் தேறாவிட்டால் சிமெண்ட் கல் பதித்துவிடலாம், தோட்டக்காரம்மாவைச் சலவை அறைக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சலவை அறைக்கு ஜன்னலே கிடையாது. இங்கேயோ கோடைத் தட்டுப்பாட்டில் செடிக்குத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

குழந்தைகள் வார்டு டாக்டரம்மா, தரைப்பசலையைப் பிடுங்காதீர்கள், அது மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும் என்றார். நாற்றுப்பண்ணைக்காரர், விட்டுவைத்தால் ரோஜாவின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்றார். இருவரும் விவரமானவர்கள், அதுதான் தொல்லை. அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எந்த ஒயர் ஷாக் அடிக்கும் என்று கேட்டால் சொல்வேன். செடியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

கடைசியில் பாத்தியின் நடுவே ஒரு கயிறு கட்டினாள். இடப்பக்கம் துப்புரவாகப் பிடுங்கினாள். வலப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் நாலு ரோஜாக் கன்றுகளை நட்டதோடு சரி, களையைத் தொடவில்லை. கை துறுதுறுவென்று இருந்ததால் அந்தப் பக்கம் போகும்போது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

இரண்டே வாரத்தில் இடப்பக்கம் மண் வெடித்து, செடிகள் இலையை உதிர்த்தன. வலப்பக்கம் விரலை விட்டால் ஈரம். பெரிய செடிகளில் மொட்டுகூட வந்திருந்தது. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொல்லைப் பக்கத்துத் தரைப்பசலையை வெட்டிவந்து இடப்பக்கமும் பரப்பினாள். போட்ட துண்டெல்லாம் வேர்விட்டுக்கொண்டது.

ஒரு மாதம் கழித்துத்தான் கன்றுகளின் ஞாபகம் வந்தது. மூடிக்கிடந்த தரைப்பசலையை விலக்கிப் பார்த்தால் நாலும் வெளுத்துச் செத்திருந்தன.

"ஏன்டா தம்பி, இத்தனை வருஷம் நான் செஞ்சது தப்பா, இல்ல இப்ப செஞ்சது தப்பா?" என்றாள். அவள் அப்படித் திருதிருவென்று விழித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலதிகாரி பாத்தியைப் பார்க்க வந்த அன்று, வாசல் விளக்கை மாட்டுகிற சாக்கில் நானும் ஏணியோடு நின்றேன். பெரிய செடிகள் பூத்திருந்தன. தரையெல்லாம் படர்ந்திருந்ததைக் காட்டி, இது நல்ல செடியா கெட்ட செடியா என்று கேட்டார். நல்லது என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் அக்காவைக் கெஞ்சினேன்.

"தெரியலைங்க," என்றாள் அக்கா. "பெரிய செடியைக் காப்பாத்துச்சு, கன்னுங்களைக் கொன்னுடுச்சு. தினமும் பக்கத்துல இருந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் பாத்தியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நல்லதுன்னு சொல்லியிருந்தா, தானா வளரட்டும், ஆள் எதுக்குன்னு கேட்டிருப்பேன்," என்றார். "நீங்களே இருந்து பாருங்க."

அவர் உள்ளே போனதும் அக்கா பழக்கதோஷத்தில் குனிந்து ஒரு தரைப்பசலையைப் பிடுங்கினாள். ஐயோ என்று திரும்ப நட்டாள். சற்று யோசித்து மறுபடி பிடுங்கினாள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதை இப்ப என்னடா பண்றது?"