பாகீரதி நகர்த்திய கடிகாரம்

கல்பாத்தி பாகீரதிக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. மாவு மில்லில் அரிசி டின்னை வரிசையில் வைத்துவிட்டு, தன் பாட்டுக்கு வேறு காரியம் பார்க்கப் போய்விடுவாள். சும்மா நிற்பது என்றாலே அவளுக்குக் கால் கடுக்கும். கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்ததும் வங்கி வேலை தேடி வந்தது. வேண்டாமென்று தள்ளிவிட்டு, 1978-ல் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் போய்ச் சேர்ந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரை உள்ளிருந்து மேய்க்கும் 'கர்னல்' என்ற அடிப்படைப் புரோகிராமில் ஒரு சோம்பேறித்தனம் இருந்தது. டிஸ்க்கிடம் தகவல் கேட்ட புரோகிராம், அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பாகீரதிக்குப் பொறுக்குமா? கேட்டுவிட்டு உன் வேலையைப் பார், தேவைப்படும்போது வந்து வாங்கிக்கொள் என்று மாற்றி எழுதினாள்.

மறுநாள் கர்னல் அச்சடித்த அறிக்கையில் காத்திருப்பு நேரம் குறையவில்லை, ஏறியிருந்தது. அறைத் தலைவர் ராமபத்ரன் தாளை அவள் முன் போட்டார்.

"உன் மாத்தத்தை எடுத்துடு, பாகீரதி. பழசே மதி, அதுவே போதும்."

எடுத்தால் மாதக்கணக்கான உழைப்பு போயே போச்சு. ஆனாலும் அவள் அசரவில்லை. கோளாறு எங்கே என்று தாளைப் பார்த்ததுமே பிடிபட்டது. காத்திருப்புக் கடிகாரம், தகவல் கேட்டதும் ஓடத் தொடங்கி, வாங்கியதும்தான் நின்றது. நடுவில் புரோகிராம் செய்த வேலையெல்லாம் காத்திருப்பாகிவிட்டது. பழைய வழக்கத்தில் கேட்பதும் நிற்பதும் ஒன்றுதான் என்பதால் இது யாரையும் உறுத்தியதில்லை.

"கடிகாரத்தை நகர்த்தணும் சார். புரோகிராம் வாங்க வந்து, தகவல் இன்னும் வரலைன்னு நிக்கறதோல்லியோ, அப்போ தொடங்கினா மதி."

"நோக்கு வேணுங்கற மாதிரி கணக்கைக் குறைச்சுக்கறயா?"

நியாயமான கேள்வி. அவளுக்கே அது பிடித்திருந்தது.

"நடுவில ஒரு ஜோலியும் செய்யாத புரோகிராமை ஓட்டிப் பாருங்கோ. அதுல எல்லாமே காத்திருப்புதானே, பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒண்ணா வரணும். குறைஞ்சா நானே எடுத்துடறேன்."

கடிகாரத்தை அவள் நகர்த்திக் கொடுத்ததும் ராமபத்ரனே ஓட்டினார். இரண்டும் ஒன்றாக வந்தன. அடுத்து தொழிற்சாலையின் உற்பத்திப் புரோகிராமை ஓட்டினார். காத்திருப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அவர் தாளை இருமுறை பார்த்தார்.

"மாத்தம் இருக்கட்டும்," என்றார்.

பாகீரதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே வேகத்தில் மில்லுக்குப் போனாள். காலையில் வைத்துவிட்டுப் போன டின்னில் மாவு தயாராக இருந்தது.

"காலையில வச்ச டின்னு. ரொம்ப காக்க வச்சுட்டேனோ?" என்றார் மில்லுக்கார ஜப்பார்.

"நான் எங்கே காத்துண்டு நின்னேன், பாய்? ஜோலிக்குப் போயிருந்தேனாக்கும்."